பட்டமா, பயிற்சியா? பினாங்கு மக்கள் பிரதிநிதிகளும் கல்வித் தகுதியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சட்டம் இயற்றுபவருக்குப் பட்டப்படிப்பு வேண்டுமா என்ற கேள்வி மலேசியாவில் அடிக்கடி எழுகிறது. 2019இல் மத்திய துணை அமைச்சர் ஒருவரின் பட்டம் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினுடையதன்று என்று தெரியவந்தபோது விவாதம் சூடுபிடித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தேர்தலைக் கண்ட பினாங்கை முன்வைத்து இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. மக்கள் பிரதிநிதிக்கு அறிவும் பயிற்சியும் கட்டாயம் தேவை. ஆனால் அவற்றை வேட்பாளர் தகுதியாக்கினால் மக்களாட்சியின் அடித்தளமே ஆட்டம் காணும் என்பதே இதன் முடிபு.

சொத்து, மொழி என்னும் வரம்புகள்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் நகராட்சி ஆணையர்களுக்கான தேர்தல் 1857இல் தொடங்கியது. அது வரி செலுத்துவோருக்கான தேர்தல். வசதியற்றவருக்கு அதில் இடமில்லை. 1913இல் அதுவும் ஒழிக்கப்பட்டது. மீண்டும் 1951 டிசம்பரில்தான் வாக்குப்பெட்டி வந்தது. நகராட்சியின் 15 இடங்களில் 9 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது.

விடுதலையை ஒட்டிச் சொத்தின் இடத்தை மொழி பிடித்தது. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேச முடியாத உறுப்பினர் 10 ஆண்டுகளுக்குச் சீன, இந்திய மொழிகளில் சட்டமன்றத்தில் பேசலாம் என்று, மலாயாவின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் 1957இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. தமிழ்ப்பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட தோட்டத் தொழிலாளி வேட்பாளராக நிற்கலாம். ஆனால் வென்று சட்டமன்றம் சென்றால் அவருடைய மொழிக்கு அங்கே இடமில்லை.

அரசியலமைப்பின் நிலைப்பாடு

கூட்டரசு அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு நாடாளுமன்ற உறுப்பினருக்குக் குடியுரிமை, வசிப்பிடம், வயது ஆகியவற்றையே தகுதிகளாக வைக்கிறது. 48ஆம் பிரிவு திவாலானவர், குற்றத் தண்டனை பெற்றவர் போன்றோரை விலக்குகிறது. படிப்பைப் பற்றி இரண்டிலும் பேச்சே இல்லை. துறை வல்லுநர்களுக்கு வேறோர் இடம் உண்டு: தொழில், வணிகம், பண்பாடு, சமூகப்பணி ஆகியவற்றில் சிறந்தவர்களை மேலவைக்கு நியமிக்க 45ஆம் பிரிவு வழி செய்கிறது. 2019 திருத்தம் வேட்பாளர் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. பட்டப்படிப்பையே முடித்திருக்க முடியாத வயதினருக்குக் கதவைத் திறந்த பிறகு பட்டத்தைத் தகுதியாகக் கேட்பது முரண்.

பதவியில் அமர்ந்தவர்கள்

பினாங்கின் முதல் முதலமைச்சர் வோங் பாவ் நீ (1957–1969) ஆசிரியர். லிம் சோங் யூ (1969–1990) எடின்பரோவில் படித்த மருத்துவர். கோ சூ கூன் (1990–2008) பிரின்ஸ்டனில் இயற்பியல் பயின்றவர். 2008இல் துணை முதல்வரான பி. இராமசாமி அரசியல் அறிவியல் பேராசிரியர். சட்டம் எதையும் விதிக்காமலேயே கட்சிகளும் வாக்காளர்களும் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த நிலையில் கல்வித் தகுதி விதிப்பதால் மேல்மட்டத்தில் எதுவும் மாறாது. பத்து காவானிலும் நிபோங் திபாலிலும் தோட்ட லயங்களில் வளர்ந்து, படிப்பைத் தொடர வழியில்லாமல் போனவர்களே வெளியே நிற்பார்கள்.

லிம் சோங் யூவின் ஆட்சி இன்னொன்றையும் காட்டுகிறது. தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மை பெருகிய நேரம் அது. பொருளியல் அவர் படித்த துறையன்று. பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை 1969இல் அமைத்தார்; வெளிநாட்டு ஆலோசகர்களின் அறிக்கையைப் பயன்படுத்தினார்; 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. வல்லுநரிடம் கேட்டுத் தெளியும் பக்குவமே அங்கே பலன் தந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராசர் தமிழகத்தின் முதலமைச்சராகப் பள்ளிகளைப் பெருக்கியதற்கும் அப்பக்குவமே காரணம்.

பிற நாடுகளில்

கல்வித் தகுதியை விதித்துப் பார்த்த இடங்களின் அனுபவமும் ஒரே திசையில் இல்லை. பாகிஸ்தான் 2002இல் வேட்பாளருக்குப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. அரியானா மாநிலம் ஊராட்சித் தேர்தல் வேட்பாளருக்கு விதித்த கல்வித் தகுதியை இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் ஏற்றது. அதே வகை விதியைக் கொண்டுவந்த இராஜஸ்தான் 2019இல் அதைக் கைவிட்டது.

இழந்த பயிற்சிக் களம்

1956இல் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டதாக மாறிய ஜார்ஜ்டவுன் நகராட்சி மன்றம், 1957 ஜனவரி 1 அன்று மாநகராட்சியானது. தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர். மின்சாரம், குடிநீர், பேருந்து மூன்றையும் மாநகராட்சியே நடத்தியது. கட்டணத்தை உயர்த்துவதா, எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போடுவது என்று வாதாடிய உறுப்பினர் வரவு செலவுக் கணக்கையும் சட்ட நுணுக்கத்தையும் அங்கேயே கற்றார். பள்ளி தராத பயிற்சியை மன்றம் தந்தது.

1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றைத் தொடர வேண்டும் என்று அதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தும் பலனில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012இல் இயற்றிய சட்டத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் ஏற்க மறுத்தது.

முடிவுரை

வேட்பாளரின் தகுதியை எடைபோடும் உரிமை வாக்காளருக்கே உரியது. அரசின் கடமை, வென்று வருபவருக்கு ஆய்வு உதவியும் சட்டப் பயிற்சியும் தருவது. அதற்கும் மேலாக, உள்ளாட்சித் தேர்தலை மீண்டும் கொண்டுவருவது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பொறுப்பேற்றுப் பழகியவர் சட்டமன்றத்துக்கு வரும்போது எந்தப் பட்டதாரிக்கும் குறைந்தவராக இருக்கமாட்டார்.