பாதியில் விட்ட 'ஏர்லி ஆக்சஸ்' கேம்: மறுபடியும் எப்போது திறக்கலாம்? முழு விவரம்

தீபாவளி முடிந்ததும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். வருஷம் முழுக்க ஓடியவர்களுக்கு கையில் கொஞ்சம் நேரம் கிடைப்பது அப்போதுதான். "போன வருஷம் வாங்கிப் போட்ட கேம் என்னாச்சு? இப்போ முழுசா வந்திருக்குமா?" என்று லேப்டாப்பைத் திறப்பவர்களும் உண்டு. ஆனால் வேலை இல்லாத அந்த நாட்களில் பலருக்கு கூலியும் இருக்காது. டேட்டாவையும் நேரத்தையும் வீணடிக்காமல் முடிவெடுப்பது எப்படி? பார்க்கலாம்.

ஏர்லி ஆக்சஸ் என்றால் என்ன?

சிவகாசி அச்சகங்களில் காலண்டர் அடிக்கும் முன் ப்ரூஃப் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் எழுத்துப் பிழை இருக்கலாம், கலர் மாறியிருக்கலாம். திருத்திய பிறகுதான் மெஷின் ஓடும். ஏர்லி ஆக்சஸ் கேமும் அந்த ப்ரூஃப் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே ப்ரூஃபையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஸ்டீம் தளம் இந்த முறையை 2013-ல் கொண்டுவந்தது. தயாரிப்பு முடியாத கேமை விற்று, அந்தப் பணத்திலும் ஆடுபவர்களின் கருத்துகளிலும் கேமை வளர்ப்பதுதான் திட்டம். கேம் இனி மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போது இருக்கும் நிலையில் பிடிக்கவில்லை என்றால் காத்திருங்கள் என்று ஸ்டீமே விற்பனைப் பக்கத்தில் எச்சரிக்கிறது.

முழு பதிப்பான 1.0 வரும்போது, ஸ்டீமில் ஏற்கெனவே வாங்கியவர்கள் பொதுவாக மறுபடி காசு கட்ட வேண்டியதில்லை.

பிடிக்கலைன்னா காசு திரும்பக் கிடைக்குமா?

வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்கலாம். போன வருஷம் வாங்கிய கேமுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

அதனால் "காசு போட்டாச்சே, ஆடித்தான் ஆகணும்" என்று நினைக்க வேண்டாம். போன காசு போனதுதான். இனி செலவாகப் போவது உங்கள் நேரம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அன்றைக்கு எதற்காக விட்டீர்களோ, அது சரியாகிவிட்டதா?

காரணத்துக்கு ஏற்ற பதில்

பக் தொல்லையால் விட்டிருந்தால்: 1.0 வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்டேட்டோடு வரும் பேட்ச் நோட்ஸில் நீங்கள் பட்ட பிரச்சனை பெயர் சொல்லித் தீர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பில் திணறியதால் விட்டிருந்தால்: விமர்சனங்களில் கடைசி 30 நாட்களுடையதை மட்டும் படியுங்கள். ஸ்டீம் அதைத் தனியாகவே காட்டுகிறது. உங்கள் லேப்டாப் மாதிரியே வைத்திருப்பவர் என்ன சொல்கிறார் என்பதுதான் முக்கியம்.

ஆட ஒன்றுமில்லாமல் போரடித்து விட்டிருந்தால்: சின்னச் சின்ன அப்டேட்டுக்கெல்லாம் திறக்காதீர்கள். புதிய பகுதி, புதிய ஆட்டமுறை என்று பெரிய அப்டேட் வரும்வரை பொறுங்கள்.

கதை கேம் என்றால் பொறுமை அவசியம்

'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸாக வந்தபோது கதையின் முதல் பாகம் மட்டுமே இருந்தது. முழு கேம் வந்தது 2023 ஆகஸ்ட் 3-ல். பழைய சேவ் எதுவும் அதில் செல்லவில்லை. எல்லோரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. 'ஹேடிஸ்' 2018 டிசம்பரில் வந்தாலும், கதையின் முடிவு 2020 செப்டம்பரில் 1.0 வந்த பிறகுதான் கிடைத்தது. இப்படிப்பட்ட கேம்களை நடுவில் திறந்து திறந்து பார்த்தால், முழுசாக வரும்போது சலித்துவிடும்.

முடிவே இல்லாத கேம்கள் வேறு ரகம். நம்ம ஊருக்குப் பொருத்தமான உதாரணம், டென்மார்க்கின் லௌமானியா 2020-ல் ஏர்லி ஆக்சஸாக வெளியிட்ட 'ஃபயர்வொர்க்ஸ் மேனியா'. ராக்கெட், வாணவெடி எல்லாம் அடுக்கி வைத்துக் கொளுத்திப் பார்ப்பதுதான் ஆட்டமே. தொடரவேண்டிய கதை இல்லாததால், இந்த மாதிரி கேமை எப்போது வேண்டுமானாலும் திறந்து அரை மணி நேரம் ஆடிவிட்டு மூடலாம்.

பழைய சேவ் வேலை செய்யுமா?

திரும்பிப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'ப்ராஜெக்ட் ஜோம்பாய்டு' 2013-ல் ஸ்டீமில் ஏர்லி ஆக்சஸாக வந்தது. 2024 டிசம்பரில் அதன் 42-வது பதிப்பு சோதனைக்கு விடப்பட்டபோது, 41-வது பதிப்பின் சேவ் அதில் ஓடவில்லை.

'வால்ஹெய்ம்' கதை வேறு. 2022 டிசம்பரில் 'மிஸ்ட்லேண்ட்ஸ்' பகுதி புதுப்பிக்கப்பட்டபோது பழைய உலகத்தையே தொடர முடிந்தது. ஆனால் ஏற்கெனவே சுற்றி முடித்த இடங்களில் புதியவை தோன்றவில்லை, அதுவரை கால் வைக்காத இடங்களில்தான் தோன்றின.

அதனால் அப்டேட் போடும் முன் சேவ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். ஸ்டீமில் கேமின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'பீட்டாஸ்' என்ற இடம் உண்டு. சில கேம்களில் அங்கே பழைய பதிப்பையே தேர்ந்தெடுத்து ஆடலாம்.

திரும்பிப் போகவே வேண்டாம் என்பதற்கு என்ன அடையாளம்?

'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2' 2023 பிப்ரவரி 24-ல் ஏர்லி ஆக்சஸாக வந்தது. பெரிய திட்டப் பட்டியலே அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் முதல் பெரிய அப்டேட்டும் வந்தது. 2024-ல் தயாரிப்புக் குழுவில் ஆட்குறைப்பு நடந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியோடு அப்டேட்டும் நின்றுபோனது. ஆனாலும் கேம் விற்பனையிலிருந்து உடனே எடுக்கப்படவில்லை.

இனி செய்யப் போகிறோம் என்று சொல்லும் 'ரோட்மேப்' வெறும் வாக்குறுதிதான். கடைசி அப்டேட் தேதிதான் நிஜம். நீண்ட காலமாக அப்டேட் வராத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து எத்தனை மாதம் ஆகிறது என்ற குறிப்பை 2025 முதல் ஸ்டீமே காட்டுகிறது. அதைப் பார்த்தால் புதிதாக வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் மனசை விட்டுவிடலாம்.

அதே நேரம், தாமதம் ஆனாலே கேம் செத்துப்போச்சு என்றும் அர்த்தமில்லை. 'டேஇசட்' ஏர்லி ஆக்சஸிலிருந்து 1.0-க்கு வர 2013 டிசம்பர் முதல் 2018 டிசம்பர் வரை 5 வருஷம் ஆனது.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவரா?

பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டும். பெரிய அப்டேட் ஒன்றே ஒரு நாள் டேட்டாவைக் காலி செய்துவிடும். கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி ஸ்டீமில் செட் செய்துகொள்ளுங்கள். ஆடாத கேமுக்கு டேட்டா போகாது.

சுருக்கமாகச் சொன்னால்

* எதற்காக விட்டீர்கள் என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள்.
* அது தீர்ந்ததா என்று பேட்ச் நோட்ஸில் தேடுங்கள்.
* கடைசி அப்டேட் தேதியையும் 30 நாள் விமர்சனங்களையும் பாருங்கள்.
* கதை கேம் என்றால் 1.0 வரை காத்திருங்கள்.
* சேவ் காப்பி எடுத்த பிறகே அப்டேட் போடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகத் திறக்கலாம். இல்லையென்றால் கேம் பக்கத்தில் 'ஃபாலோ' கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். புதுசாக ஏதாவது வந்தால் அறிவிப்பு வரும். ஆலை லீவு சில வாரம்தான், அதைப் பாதி வெந்த கேமில் கழிக்க வேண்டியதில்லை.