கவாஸ்கரின் பதின்மூன்று சதங்கள்

சுனில் கவாஸ்கர் அப்படியென்ன பெரிய ஆட்டக்காரர் என்று யாராவது கேட்டுவிட்டால், உடனே ஒரு பதில் வந்து விழும்: மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மட்டும் 13 சதம்! கேட்டவுடன் மார்ஷலும் ஹோல்டிங்கும் ஓடி வருவதுதான் கண்ணில் தெரியும். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆடிட்டரை யாரும் நம்புவதில்லை. அந்தப் பதின்மூன்றில் பந்து போட்டது யார் என்றும் பார்த்துவிடுவோமே.

முதல் நான்கும் 1971இல், அறிமுகத் தொடரிலேயே வந்தவை. 4 டெஸ்டில் 774 ரன். ஆனால் ஹாலும் கிரிஃபித்தும் 1969இலேயே ஆடி முடித்துவிட்டார்கள். ராபர்ட்ஸ் வந்தது 1974இல். வேகத்துக்கு ஆள் இல்லாத இடைக்காலம் அது. அடுத்து 1978-79இல் இந்திய மண்ணில் இன்னொரு நான்கு, 732 ரன். அப்போது ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட் நால்வரும் கெர்ரி பேக்கர் பக்கம் போயிருந்தார்கள். (சில்வெஸ்டர் கிளார்க் ஒன்றும் லேசான ஆளில்லை. மார்ஷலும் ஆடினார்தான், ஆனால் அப்போது அவர் புதுப் பையன்.)

ஆக, 13இல் 8 இப்படி. அவை வீண் என்று அர்த்தமில்லை. 21 வயதில் அயல்நாட்டில் போய் 774 அடிப்பது விளையாட்டா? இந்தியா அங்கே முதன்முதலாகத் தொடரை வென்றதும் அப்போதுதான். ஆனாலும் மீதி ஐந்தோடு அவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது.

1983 அக்டோபரில் கான்பூரில் மார்ஷலின் பந்தில் மட்டையே கவாஸ்கரின் கையைவிட்டுத் தெறித்தது. அவர் எடுத்தது 0, 7. கதை முடிந்தது என்றார்கள். அடுத்த டெஸ்ட் டெல்லியில். பல வருடமாக மூட்டை கட்டி வைத்திருந்த ஹூக் ஷாட்டை வெளியே எடுத்தார். அதே மார்ஷல், ஹோல்டிங் எதிரில் 94 பந்தில் சதம்! எட்டு சதங்களை ஒரு பக்கம் வைத்தாலும் தராசு டெல்லி பக்கம்தான் சாயும்.

இந்த அளவுகோலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1975 ஜனவரி, சென்னை சேப்பாக்கம். காயத்தால் கவாஸ்கர் ஆடவில்லை. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190க்குச் சுருண்டது. அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் 97. அவருக்கு அடுத்த அதிகபட்ச ஸ்கோர் 19! அந்த டெஸ்டை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசி ஆளாக சந்திரசேகர் அவுட்டாகிவிட, விஸ்வநாத் அந்த மூன்று ரன் எடுக்காமலே அவுட்டாகாமல் திரும்பினார். அவருடைய 14 டெஸ்ட் சதங்களின் பட்டியலில் இந்த ஆட்டம் இல்லை.