ஏழாயிரம் டாலர் எம்.எஸ். பிறந்த கதை

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு பேரம் நடந்தது. கம்ப்யூட்டிங் கல்லூரியின் டீன் ஸ்வி கலிலிடம் கணினி விஞ்ஞானி செபாஸ்டியன் த்ரூன் ஒரு யோசனை சொன்னார். கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை முழுக்க முழுக்க இணையம் வழியாக, மொத்தமே ஆயிரம் டாலருக்குக் கொடுத்தால் என்ன? ஆயிரத்துக்கு நடக்காது என்று கலில் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் பேச்சை அத்தோடு முடிக்கவில்லை. அப்படியானால் எவ்வளவுக்கு முடியும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டிலோ எம்.பி.ஏ.விலோ கட்டுப்படியாகும் ஆன்லைன் முதுநிலைப் பட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு இன்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டிய ஒரு கதவு திறந்தது இந்தக் கணக்கில்தான்.

த்ரூன் சும்மா கனவு கண்டவர் அல்லர். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தபோது, 2011இல் சக கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக்குடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாக இணையத்தில் நடத்தினார். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய 23,000 பேர் கடைசிவரை நின்று முடித்தார்கள். அந்த வேகத்தில்தான் இணையப் பாடங்கள் நடத்தும் யுடாசிட்டி நிறுவனம் பிறந்தது. ஆனால் முடித்தவர்கள் கையில் பட்டம் என்று எதுவும் இல்லை. பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்தது.

அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் ஏன் இத்தனை விலை? முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும், எம்.எஸ். மாணவர் பெரும்பாலும் கைக்காசைத்தான் கொட்ட வேண்டும். அன்று ஜார்ஜியா டெக் வளாகத்திலேயே இந்தப் பட்டத்தைப் படிக்க வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்குச் சுமார் 45,000 டாலர் ஆனது. தங்கும் செலவும் சாப்பாடும் தனி. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை எம்.எஸ். படிக்க அனுப்பிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தத் தொகையின் கனம் தெரியும்.

கலிலின் கணக்கு 6,600 டாலரில் வந்து நின்றது. பாடத்தையும் பேராசிரியர்களையும் ஜார்ஜியா டெக் தரும், இணையத்தளத்தை யுடாசிட்டி பார்த்துக்கொள்ளும், வருமானத்தில் அறுபது பங்கு பல்கலைக்கழகத்துக்கு, நாற்பது பங்கு நிறுவனத்துக்கு என்று ஒப்பந்தம் ஆனது. தொடக்கச் செலவுக்குத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. இருபது லட்சம் டாலர் கொடுத்தது. 2013 மே மாதம் அறிவிப்பு வந்தது.

அந்த ஆண்டு ஜூலையிலேயே ஓர் இடி விழுந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டியும் சேர்ந்து, ஒரு பாடத்துக்கு 150 டாலர் என்ற கட்டணத்தில் நடத்திய அடிப்படை வகுப்புகளில் தேர்ச்சி விகிதம் மிக மோசமாக இருந்தது. முயற்சியை நிறுத்திவைத்தார்கள். ஆன்லைன் படிப்பின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும், கணக்கில் ஏற்கெனவே தடுமாறி வந்தவர்களும் இருந்தார்கள். ஜார்ஜியா டெக்குக்கு விண்ணப்பித்தவர்களோ ஒரு பட்டம் முடித்து, வேலையில் அமர்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள். துணைக்கு ஆள் தேவைப்படும் மாணவரைத் திரைக்கு முன்னால் தனியே உட்காரவைத்தது சான் ஹோசேயின் பிழை என்றே நான் நினைக்கிறேன். அதற்குத் திரையைக் குற்றம் சொல்ல முடியாது.

2014 ஜனவரியில் சுமார் 380 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது.

செலவு எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. விரிவுரையை ஒரு முறை நன்றாகப் பதிவு செய்துவிட்டால் போதும்; முந்நூறு பேர் பார்த்தாலும் மூவாயிரம் பேர் பார்த்தாலும் அதே செலவு. அந்தப் பதிவுகளிலும் அக்கறை தெரிகிறது. இயந்திரக் கற்றல் பாடத்தில் அப்போது ஜார்ஜியா டெக்கில் இருந்த சார்ல்ஸ் இஸ்பெல்லும், பிரவுன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லிட்மேனும் சேர்ந்து வருகிறார்கள். ஒருவர் பாடம் எடுக்கும்போது மற்றவர் மாணவராகிவிடுவார். குறுக்கே கேட்பார், தப்பாகப் பதில் சொல்வார், கிண்டல் செய்வார். தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பக்கத்து பெஞ்சில் ஓர் ஆள் இருப்பதுபோல் இருக்கும்.

ஆனால் மாணவர் எழுதிய விடையைப் படிக்கும் வேலை அப்படிச் சுருங்காது. ஆள் கூடக் கூட வேலையும் கூடும். இந்தக் கட்டத்தில் ஜார்ஜியா டெக் காசு பார்க்கவில்லை. அசைன்மென்ட்டுகளை மனிதர்களே படித்துக் கருத்து எழுத வேண்டும் என்று நின்றது. அத்தனை உதவி ஆசிரியர்களுக்கு எங்கே போவது? இதே பட்டத்தைப் படித்து முடித்தவர்களிலேயே பலர், பகலில் தங்கள் வேலையையும் பார்த்துக்கொண்டு, இதற்கு முன்வந்தார்கள். அவர்கள் தேடி வந்தது சம்பளத்துக்காக அல்ல. இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைத்த இடம் இது.

இந்தப் பட்டத்தில் பேராசிரியர் அசோக் கோயல் நடத்திய வகுப்பில் ஒரு பருவத்தில் மாணவர்களிடமிருந்து சுமார் பத்தாயிரம் செய்திகள் குவிந்தன. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. 2016இன் தொடக்கத்தில், ஐ.பி.எம். வாட்சன் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவான ‘ஜில் வாட்சன்’ என்ற உதவி ஆசிரியையை அவர் மற்றவர்களோடு சேர்த்துப் பணியில் அமர்த்தினார். அவள் ஒரு நிரல் என்பது கடைசியில் சொன்னபோதுதான் மாணவர்களுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கொடுத்த வேலை வாடிக்கையான கேள்விகளுக்குப் பதில் சொல்வது. யோசித்துச் சொல்ல வேண்டியவை மனிதர்களிடமே இருந்தன.

இன்னும் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. பட்டச் சான்றிதழில் ‘ஆன்லைன்’ என்ற சொல்லே கிடையாது. வளாகத்தில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே பட்டம். இரண்டாவது, தகுதி இருக்கிற எவருக்கும் இடம். எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறோம் என்பதில் கௌரவம் பார்க்கும் பல்கலைக்கழக உலகத்தில் இது துணிச்சலான காரியம்.

முதல் சேர்க்கையில் மட்டும் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டியிருந்தது. அதனால் இளநிலை மதிப்பெண் சராசரி 3.26க்கு மேல் இருந்தவர்களின் விண்ணப்பங்களை முதலில் எடுத்தார்கள். மற்றவர்களுக்கான முடிவு தள்ளிப்போனது. பொருளாதார ஆய்வாளர்களுக்கு இது வசதியாக அமைந்தது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவரையும் சற்றுக் கீழே இருந்தவரையும் ஒப்பிட்டார்கள். இடம் தள்ளிப்போனவர்கள் வேறு எங்காவது சேர்ந்தார்களா என்று பார்த்தால், அநேகமாக எவரும் சேரவில்லை. வளாக விண்ணப்பதாரர் பெரும்பாலும் 24 வயது வெளிநாட்டவர். இந்த விண்ணப்பதாரரோ 34 வயதில் வேலையில் இருக்கும் அமெரிக்கர். அதாவது, வேறு எந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவரையும் இந்தப் பட்டம் பறிக்கவில்லை. இது இல்லாவிட்டால் படித்தே இருக்க மாட்டார்கள் என்பவர்களுக்காக இது பிறந்தது. நம் ஊரிலிருந்து பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஆன்லைன் பட்டத்துக்கு மாணவர் விசா கிடையாது. அமெரிக்கா போவதற்கான வழியாக இதை எண்ணிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

பிறகு மற்ற பல்கலைக்கழகங்களும் வரிசை கட்டி வந்தன. 2016இல் இல்லினாய் பல்கலைக்கழகம் இருபதாயிரம் டாலரை ஒட்டிய விலையில் ஆன்லைன் எம்.பி.ஏ.வைத் தொடங்கி, 2019இல் வளாகத்து முழுநேர எம்.பி.ஏ.வையே மூடப்போவதாக அறிவித்தது. 2020இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் 24,000 டாலருக்கு ஒன்றைக் கொண்டுவந்தது.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கும் அட்லாண்டாவுக்கும் பழைய உறவு உண்டு. பி.எம்.பி. என்ற தொழில்முறைச் சான்றிதழைத் தரும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் (பி.எம்.ஐ.) அமைப்பு 1969 அக்டோபரில் உருவானது ஜார்ஜியா டெக்கில்தான். இந்தத் துறையின் பட்டப்படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கத் தனிப் பிரிவு ஒன்றையும் பி.எம்.ஐ. வைத்திருக்கிறது. படிப்பைத் தேடுபவர் முதலில் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுத்து, சான்றிதழில் என்ன அச்சாகும், என் அசைன்மென்ட்டை யார் படிப்பார் என்று கேட்கட்டும். ஒரு திட்ட அட்டவணையில் எந்த வேலை தாமதமானால் எல்லாமே தாமதமாகும் என்பதை, தப்பாகப் போட்ட வரைபடத்தை ஒருவர் பார்த்துத் திருத்தினால்தான் கற்க முடியும். வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் வராது.

விலை விஷயத்தில் ஒரு சங்கதி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு கிரெடிட்டுக்கான கட்டணம். ஜார்ஜியா டெக்கிலேயே அதற்கு மேல் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அது முந்நூறு டாலர் அளவில் இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே பருவத்துக்கு ஒரு பாடம் என்று பத்துப் பாடத்தை முடிப்பவர் இந்தத் தொகையைப் பத்து முறை கட்டுவார். இரண்டிரண்டாக எடுப்பவர் ஐந்து முறை. எனவே உங்களால் எவ்வளவு வேகத்தில் படிக்க முடியும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு மொத்தத் தொகையைக் கூட்டுங்கள்.