மூன்று செடிகள், ஒரு குடும்பப் பெயர்

கோட்டுச்சேரி வயல்களில் சம்பா நட்டு மூன்று வாரம் போனால் பயிர் தூர் கட்டத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாற்று வைத்த குத்து, பத்துப் பதினைந்து தூராகப் பெருகும். மக்காச்சோளமும் புல்தான், ஆனால் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்கும். அதன் மூதாதையான தியோசின்டே என்ற மெக்சிகோ காட்டுப்புல்லோ கிளை கிளையாகப் படரும். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் அதைப் பயிராக்கியவர்கள் ஒற்றைத்தண்டைத் தேர்ந்து தேர்ந்து விதைத்தார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த மரபணுவை 1997இல் அமெரிக்காவின் ஜான் டோப்ளி குழு கண்டெடுத்தது: ‘தியோசின்டே பிராஞ்ச்டு 1’. பக்கமொட்டுகளை வளரவிடாமல் அடக்குவது அதன் வேலை.

இரண்டாவது செடியின் கதை பழையது; எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1742இல் உப்சாலா மாணவர் ஒருவர் ஸ்டாக்ஹோம் அருகே ஒரு தீவில் விநோதமான பூச்செடியைப் பறித்தார். நம் தும்பைப் பூவைப் போல மேலுதடு வேறு, கீழுதடு வேறு என்று இருக்கவேண்டிய பூ அது. ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. இனங்கள் மாறா என்று நம்பிய தாவரவியலாளர் லின்னேயஸ் ஆடிப்போனார். ‘பெலோரியா’, அதாவது அரக்கப் பிறவி, என்று பெயர் வைத்தார். விடை கிடைக்க இரண்டரை நூற்றாண்டு ஆனது. இங்கிலாந்தின் நார்விச்சில் என்ரிகோ கோயன் குழு 1996இல் அந்தப் பூச்செடிக்கு உறவான ஸ்னாப்டிராகன் செடியில் ‘சைக்ளாய்டியா’ மரபணுவைப் பிரித்தெடுத்தது. பூவின் மேல்பக்கத்தில் மட்டும் வேலை செய்து அதற்கு மேல், கீழ் என்ற பேதத்தைத் தருவது அது. பெலோரியாவில் அதே மரபணு சிதையாமல்தான் இருந்தது. மீத்தைல் என்ற வேதிக் குறிகள் ஒட்டி வாயடைத்துப் போயிருந்தது, அவ்வளவே.

மூன்றாவது நெல். ஜப்பானின் சுகுபாவில் கொசுகி, ஓஹாஷி இருவரும் செடியின் வடிவத்தைத் தேடவே இல்லை. செல் பிரியும்போது டிஎன்ஏ நகலெடுக்கத் தேவைப்படும் ஒரு புரதத்தின் மரபணுவை முடுக்குவது எது என்று பார்த்தார்கள். 1997இல் பிசிஎஃப் 1, பிசிஎஃப் 2 என்ற இரு புரதங்கள் அகப்பட்டன.

1999இல் பிலார் கூபாஸ், டோப்ளி, கோயன் ஆகியோர் இவற்றின் புரதங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 60 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு எல்லாவற்றிலும் ஒத்துப்போனது. புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி அது. மூன்று பெயர்களின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து ‘டிசிபி’ என்றார்கள். நெல்லுக்குக் கடைசி எழுத்துதான்; போகட்டும். இந்தக் குடும்பம் தாவரங்களுக்கே உரியது, விலங்குகளில் கிடையாது.

2003இல் நெல்லிலும் ‘தியோசின்டே பிராஞ்ச்டு 1’இன் உறவான ஒரு மரபணு தெரியவந்தது. அந்த மரபணுவை மிகுதியாக இயக்கினால் தூர் குறைகிறது. அது பழுதானால் தூர் கூடுகிறது.

அதே ஆண்டு, கோயனின் ஆய்வகத்தில் இருந்த உத்பல் நாத் இலைக்குள் நுழைந்தார். ‘சின்சின்னாட்டா’ என்ற டிசிபி மரபணு பழுதான ஸ்னாப்டிராகனில் இலை தட்டையாக வருவதில்லை, ஓரம் சுருண்டு நெளிகிறது. செல் பிரிவது நுனியிலிருந்து அடிநோக்கிப் படிப்படியாக நிற்கவேண்டும். இங்கே ஓரத்துச் செல்கள் நேரத்துக்கு நிற்காமல் பிரிந்துகொண்டே போகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தபிறகு, கடுகின் உறவான அராபிடாப்சிஸ் செடியில் அவர் இந்த வேலையைத் தொடர்ந்தார். அந்தச் சின்னஞ்சிறு செடியில் மட்டும் 24 டிசிபி மரபணுக்கள் உண்டு.