தட்டில் ஒரு பக்கம், கடலில் ஒரு பக்கம்: ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் படகின் கணக்கு

நம் வளாகத்தில் பல வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார்கள். கோடையில் இரண்டு மூன்று மாதம் அங்கே போய்த் தங்கி வருவது நமக்கும் பழகிவிட்டது. அப்படிப் போகும்போது ஆம்ஸ்டர்டாம் வழியில் வந்தால், மாலைநேரப் படகுச் சவாரிக்குக் கட்டாயம் அழைத்துப் போவார்கள். ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் கால்வாய்களில் மெதுவாக ஒரு சுற்று. மேஜையில் ஒரு மரத்தட்டு, அதில் நாலைந்து வகைச் சீஸ், ரொட்டி, கடுகு விழுது. குடிப்பவர்களுக்கு ஒயின், பீர் அல்லது 'யெனீவர்' என்கிற அந்த ஊர்ச் சாராயம். மற்றவர்களுக்குப் பழரசம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஆகவே சாவகாசமாக வேடிக்கை பார்க்கலாம்.

அந்தத் தட்டையும் அந்தக் கால்வாயையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு எழுதியவன் நான். ஒரு பக்கம் பதிவு இருந்தால் அதற்கு எதிர்ப்பதிவு எங்கே என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. படகில் கொடுக்கும் தட்டுக்கும் ஒரு எதிர்ப்பதிவு உண்டு. அதில் ஒரு பகுதி நம் ஊர்க் கரையில் இருக்கிறது.

முதலில் கால்வாய். அவை உல்லாசத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் வியாபாரம் பெருகியது. பல நாடுகளிலிருந்து வணிகர்களும் தொழிலாளிகளும் வந்து குவிந்தார்கள். ஊர் கொள்ளவில்லை. 1613-இல் நகரசபை பெரிய விரிவாக்கத்தைத் தொடங்கியது. பழைய ஊரைச் சுற்றி அரைவட்டமாக மூன்று பெரிய கால்வாய்கள்: ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். 'கிராக்ட்' என்றால் கால்வாய். முதலாவது கனவான்களுடையது, இரண்டாவது சக்கரவர்த்தியுடையது, மூன்றாவது இளவரசருடையது என்று பெயருக்குப் பொருள். 2010-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

படகிலிருந்து நிமிர்ந்து பாருங்கள். கரையோர வீடுகள் குறுகலாகவும் உயரமாகவும் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் கொக்கியோடு இருக்கும். அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். கால்வாயில் சரக்குப் படகு வந்து நிற்கும். அந்தக் கொக்கியில் கயிறு மாட்டி, மூட்டையை மேலே தூக்கி, மச்சுக்குள் இழுத்துக்கொள்வார்கள். வணிகரின் வீடு கீழே, கிடங்கு மேலே. தரையில் ஈரம் ஏறும், மச்சில் மிளகும் கிராம்பும் காய்ந்து கிடக்கும். இன்றைக்கும் வீடு மாற்றும்போது பீரோவையும் சோபாவையும் அதே கொக்கியில் கட்டித்தான் ஏற்றுகிறார்கள். நம் சர்வீஸ் லிப்ட் தகராறெல்லாம் அங்கே கிடையாது!

ஊரே சேற்று நிலம். மரக் கம்பங்களை ஆழமாக அடித்து அதன்மேல்தான் கட்டடம் எழுப்ப வேண்டும். டாம் சதுக்கத்தில் இப்போது அரண்மனையாக இருக்கும் பழைய நகரசபைக் கட்டடம் மட்டும் 13,659 கம்பங்கள் மேல் நிற்கிறது. கம்பத்தையும் எண்ணிக் கணக்கில் எழுதி வைத்த ஊர் அது.

அந்தக் கால்வாய்த் தண்ணீர் எப்படி இருந்தது தெரியுமா? கழிவு முழுவதும் அதில்தான். குடிக்க முடியாது. பீர் காய்ச்சுகிறவர்கள் தூரத்திலிருந்து படகில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். கோடையில் நாற்றம் தாங்காமல் பணக்கார வணிகர்கள் குடும்பத்தோடு வெக்ட், ஆம்ஸ்டல் ஆற்றங்கரைப் பங்களாக்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் வந்ததே 1853-இல்தான். ஹார்லெம் பக்கத்து மணல்மேடுகளிலிருந்து வந்த நீரை ஒரு வாளி ஒரு சென்ட் என்று விற்றார்கள். கால்வாய்க்கரை வீடுகளில் கடைசியாக மிச்சமிருந்தவை பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட்டது 1987-இல். கோடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய அதே இடத்தில் இன்று நாம் காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்றால், அது நகராட்சி வேலையின் பலன்தான். நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் பராமரிப்புத் தொகை எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.

இப்போது தட்டுக்கு வருவோம். மஞ்சளாக, கெட்டியாக இருப்பது கௌடா சீஸ். பழையதாக ஆக உப்பும் காரமும் கூடும். சீரகம் போட்டது லைடன் ஊர் வகை. வாயில் வைத்ததும் நமக்குப் பழகிய மணம். கிராம்பு போட்டது வடக்கே ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்துச் சீஸ். கூடவே 'பிட்டர்பாலன்' என்று பொரித்த உருண்டை சுடச்சுட வரும். நம் போண்டா மாதிரி இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், உள்ளே மாட்டிறைச்சி இருக்கும். சைவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய முறைச் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். அது இல்லாத வகையும் கிடைக்கிறது, முன்கூட்டியே சொன்னால் வைப்பார்கள். யெனீவர் என்பது தானியத்திலிருந்து வடித்து, ஜூனிபர் என்ற செடியின் காயைப் போட்டு மணமூட்டியது. சிறிய கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றித் தருவார்கள். கையால் தூக்கினால் சிந்தும். ஆகவே முதல் வாய் குனிந்து உறிஞ்சுவதுதான் அங்கே மரியாதை.

பால் அவர்களுடையது. கிராம்பு அவர்களுடையது அல்ல. அந்தக் காலத்தில் கிராம்பு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். ஜாதிக்காய் அதற்குத் தெற்கே பண்டா தீவுகளில். அவ்வளவு தூரத்துச் சரக்கு ஆம்ஸ்டர்டாம் மச்சுக்கு எப்படி வந்தது? அதற்கு முதல் போட்ட கதை வணிகவியல் படித்தவர்களுக்குப் பிடிக்கும்.

1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. டச்சு மொழியில் அதன் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. நம் ஊரில் அந்த மூன்றெழுத்துக்கு உரியவர் வேறொருவர். அவரும் கப்பலுக்காகப் பங்கு விற்றவர்தான், ஆனால் நோக்கம் வேறு! டச்சுக் கம்பெனியின் முதலீடு சுமார் 64 லட்சம் கில்டர். அதில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் திரண்டது. ஊரில் யார் வேண்டுமானாலும் பங்கு எடுக்கலாம் என்றார்கள். 1,143 பேர் எழுதிக்கொடுத்தார்கள். இயக்குநர் ஒருவரின் வீட்டில்தான் பதிவேடு வைத்திருந்தார்கள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணும் 100 கில்டர் போட்டிருக்கிறாள். பங்கை விற்க வாங்க வழி வந்ததும் பங்குச் சந்தை வளர்ந்தது. 1609-இல் நகரசபையே ஒரு வங்கி திறந்தது. 600 கில்டருக்கு மேற்பட்ட உண்டியல்களையெல்லாம் அந்த வங்கிக் கணக்கு வழியாகத்தான் தீர்க்க வேண்டும் என்று விதி. 1610-இல் கம்பெனி முதல் லாப ஈவு கொடுத்தது. அதுவும் பணமாக அல்ல, பங்கின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு ஜாதிபத்திரி! டிவிடெண்ட் வாரண்டுக்குப் பதிலாக மூட்டை வந்து வாசலில் இறங்கினால் என்ன செய்வீர்கள்?

இவ்வளவும் வரவுப் பக்கம். சுற்றுலாப் படகின் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் ஓடும். பற்றுப் பக்கத்தைப் பார்ப்போம்.

ஜாதிக்காயைத் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று டச்சுக்காரர்கள் பண்டா மக்களை வற்புறுத்தினார்கள். அவர்களோ வழக்கம்போல வருகிற எல்லா வியாபாரிகளுக்கும் விற்றார்கள். 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற கம்பெனித் தலைமை ஆளுநர் படையோடு இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில், கொலையும் பட்டினியும் நாடுகடத்தலும் போக எஞ்சியவர்கள் மிகச் சிலரே. பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு டச்சுக்காரர்களுக்குக் கொடுத்து, வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். கிராம்பு விஷயத்திலும் இதே கெடுபிடிதான். அம்போன் தீவை ஒட்டிய இடங்களில் மட்டுமே மரம் இருக்கலாம். மற்ற தீவுகளில் இருந்தவற்றை வெட்டிச் சாய்த்தார்கள். விலை இறங்காமல் இருக்க அப்படி ஒரு வழி.

இதில் நம் கரை எங்கே வருகிறது? கிழக்குத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்க வெள்ளிக் காசைவிட நன்றாகச் செல்லுபடியானது சோழமண்டலத் துணி. அந்தத் துணிக்காகவே டச்சுக்காரர்கள் மசூலிப்பட்டினத்துக்கும் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்தார்கள். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் பெரிய கால்வாய் வேலை தொடங்கிய அதே வருஷம். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690 வாக்கில் தலைமையிடமும் அங்கே மாறியது. நம் நெசவாளர் தறியில் நெய்த துணி தீவுக்குப் போய்க் கிராம்பாக மாறி, அங்கிருந்து கால்வாய்க்கரை மச்சுக்கு ஏறியது.

துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியதில் பெரும் பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரையான அந்தக் காலத்தில், வயிற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் ஏராளம். நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பகுதியினர் ஜகார்த்தாவாகிவிட்ட படேவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். 100 கில்டர் போட்ட வேலைக்காரப் பெண்ணின் பெயர் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. கப்பலேறிய நம் காவிரிக்கரைப் பெண்களில் பெரும்பாலோர் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். இதைப் படித்த பிறகு அந்தக் கிராம்புச் சீஸைப் பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது.

கம்பெனியும் நிலைக்கவில்லை. கடன் முற்றி 1799-இல் கலைக்கப்பட்டது. நகரசபை வங்கி அதற்கு ரகசியமாகக் கடன் கொடுத்து வைத்திருந்தது வெளியே தெரிந்ததும் அதன் பெயரும் கெட்டது. 1819-இல் அதையும் மூடினார்கள். பெரிய வாடிக்கையாளர் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய உதாரணம்.

இவ்வளவும் சொன்னது சவாரியே போகாதீர்கள் என்பதற்காக அல்ல. அந்த ஊர்க்காரர்கள் இப்போது தாங்களே பற்றுப் பக்கத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஹேரன்கிராக்ட் 502-ஆம் எண் வீடு மேயரின் அதிகாரபூர்வ இல்லம். 1672-இல் அதைக் கட்டிக்கொண்டவர், ஆப்பிரிக்கர்களை அமெரிக்கப் பக்கம் அடிமைகளாகக் கொண்டுபோன இன்னொரு டச்சுக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். 2006-இல் அந்த வீட்டு வாசலிலேயே அதைச் சொல்லும் நினைவுக் கல்லைப் பதித்தார்கள். 2019-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் 17-ஆம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று அழைப்பதை விட்டுவிட்டது. யாருக்குப் பொன் என்ற கேள்விதான் காரணம். 2021 ஜூலை 1 அன்று மேயர் ஃபெம்கே ஹல்செமா அடிமை வாணிபத்தில் நகரத்தின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். 2023-இல் அதே தேதியில் மன்னர் வில்லம் அலெக்சாண்டரும் கேட்டார். பழைய கணக்கைத் திறந்து திருத்தப் பதிவு போடுவது எந்த அலுவலகத்திலும் எளிதல்ல. அதைச் செய்தவர்களை மதிக்க வேண்டும்.

ஆகவே போகிறவர்களுக்கு என் சிபாரிசு: படகு ஹேரன்கிராக்டின் 'தங்க வளைவு' என்ற பகுதியைக் கடக்கும்போது 502-ஆம் எண் எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் உச்சியிலுள்ள கொக்கியைக் காட்டி, அதில் ஏறிய மூட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள்.

போக வாய்ப்பில்லாதவர்களுக்குப் பழவேற்காடு இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். கோட்டை இடிந்து புதராகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே அழகான எழுத்து பொறித்த பெரிய பெரிய கற்கள். படித்துப் பாருங்கள், அவ்வளவும் டச்சுக்காரர்களின் பெயர்கள். அங்கிருந்து கப்பலேற்றப்பட்ட நம்மவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. நம் சங்கத்தின் அடுத்த ஒருநாள் சுற்றுலாவுக்கு இந்த இடத்தைச் செயற்குழு பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.