முறை காத்த நிலம்

தமிழர் நிலத்தை எண்ணியபோது மண்ணை மட்டும் எண்ணவில்லை. தொல்காப்பியம் திணைகளுக்குரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே நிரலில் வைக்கிறது. மரத்துக்கும் பறவைக்கும் அருகிலேயே மாந்தரின் தொழிலும் இசையும் இடம்பெறுகின்றன. மக்களை நீக்கிவிட்டு ஒரு நிலத்தைக் காணும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. இயற்கையைக் காப்பது என்றவுடன் ஆள் நடமாட்டமில்லாத வனத்தை நினைப்பது பிற்கால மனப்பழக்கம். இந்த இரண்டு நோக்குகளில் எது நமக்கு உகந்தது என்பதை வாழைச்சேனைப் பகுதியின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

வாழைச்சேனையில் நின்று பார்ப்பவருக்கு மூன்று திணைகள் ஒருங்கே தோன்றும். கிழக்கே கல்குடா, பாசிக்குடாக் கடற்கரை. அதனை அடுத்துக் களப்பும், அதன் கரையிற் கண்டலும் கண்ணாவும் அடர்ந்த காடும். தெற்கிலும் மேற்கிலும் கிரான், சித்தாண்டி, வாகனேரி என விரியும் வயல்வெளி. அதற்கும் அப்பால், குடும்பிமலையைச் சூழ்ந்து புல்லும் பற்றையுமாகக் கிடக்கும் மேய்ச்சல் தரை. நெய்தலையும் மருதத்தையும் முல்லையையும் ஒன்றாகத் தைக்கும் நூல் போல மாதுறு ஓயா தெற்கிலிருந்து வந்து இக்களப்பிற் கலக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் இந்நிலத்தில் உழுதும், மீன்பிடித்தும், மாடு வளர்த்தும் வாழ்கின்றனர். வடக்கே வாகரைப் பக்கத்தில் வேடர் குடிகளும் உள்ளன. 1911-இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆராய்ச்சி நூல் இக்கரையோர வேடரைத் தனியே எடுத்துப் பேசுகிறது.

இந்நிலம் இத்தனை பேருக்கும் எவ்வாறு இடங்கொடுத்தது? ஒரே நிலத்தைப் பலரும் ஒரே வேளையிற் கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கேட்டனர். அதுவே அதன் மறை.

கச்சான் காற்று ஓய்ந்து மாரி நெருங்கும் காலத்தில் வயல்கள் உழவுக்கு ஆயத்தமாகும். அப்பொழுது மாட்டுப்பட்டிகள் ஊரை விட்டு மேற்கே மேய்ச்சல் தரைகளுக்குப் புறப்படும். மேய்ப்பவர்கள் அங்கேயே வாடி அமைத்துத் தங்குவர். வடகீழ்ப் பருவமழையில் அத்தரை பசும்புல் போர்த்திருக்கும். அதே மழையில் இங்கே, நம் மட்டக்களப்பு வழக்கில் ‘வேளாண்மை’ எனப்படும் நெற்பயிர் வளரும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் பட்டிகள் திரும்பி வரும். அப்பொழுது மேற்கிற் புல் வறண்டிருக்கும். அறுத்த தாளும் வரப்புப் புல்லும் மாடுகளுக்கு உணவாகும். மாடுகளின் சாணமும் சலமும் அடுத்த போகத்துக்கு எருவாகும். உழவன் கூலியின்றி எருப் பெற்றான். மாட்டுக்காரன் வாடகையின்றித் தீனி பெற்றான். மேய்ச்சல் தரையும் ஆண்டில் ஒரு பகுதி ஓய்வு பெற்றது. வைக்கோலும் வீண்போகவில்லை. வாழைச்சேனையிற் கடதாசி ஆலை நிறுவப்பட்டபோது அதன் மூலப்பொருள்களில் ஒன்றாக அமைந்தது நம் வயல்களின் வைக்கோலே.

களப்பின் வாழ்வும் இத்தகையதே. மாரி வெள்ளம் வயலின் வண்டலையும் காட்டின் சருகையும் கொண்டுவந்து சேர்க்க, கண்டலின் வேர்களுக்கிடையே மீன் குஞ்சும் இறாலும் வளர்ந்தன. பருத்தி நூலால் வலை பின்னிய நாளில் மீனவர் கண்டற் பட்டையைக் காய்ச்சி வலைக்குத் தோய்த்தனர். அந்தத் தேவையே கண்டலின் மதிப்பை அவர்களுக்கு உணர்த்திக்கொண்டிருந்தது. ஒரு பொருளால் நாள்தோறும் பயன் பெறுபவன் அதன் அழிவை முதலில் உணர்கிறான்.

இம்முறை தானாக நடந்ததென்று எண்ணுதல் கூடாது. எந்நாளில் விதைப்பது, எந்நாளில் மாட்டை அகற்றுவது, யாருடைய வயலுக்கு முதலில் நீர் பாய்வது என்பன எல்லாம் ஓயாத வழக்குக்குரிய விடயங்கள். பயிருக்குள் மாடு புகுந்தால் நட்டம் யாருடையது? அணைக்கட்டு உடைந்தால் மண் சுமப்பவர் யார்? இவற்றைத் தீர்க்க ஒவ்வொரு வயல் வட்டைக்கும் வட்டவிதானை என்னும் அலுவலர் இருந்தார். ஆங்கில ஆட்சியினர் முதலில் இத்தகைய வழக்கங்களைப் பொருட்படுத்தவில்லை. குளங்கள் பாழடைந்ததைக் கண்ட பின்னரே அவற்றின் அருமை விளங்கிற்று. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம் பழைய நெற்செய்கை வழக்கங்களை மீட்டுச் சட்ட வலிமை அளித்தது. புதிதாக ஒன்றைப் படைத்துக் கொடுக்காமல், ஊரார் அறிந்ததையே ஊராரிடம் திருப்பிக் கொடுத்த சட்டம் அது.

பின்னர் 1958-ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைமாரின் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பெரிய நிலக்காரரின் செல்வாக்கைக் குறைத்துக் குத்தகை உழவருக்குக் காப்பளிப்பது அதன் நோக்கம். அந்நோக்கம் நேரியது. பழைய முறையிற் போடியாருக்குக் கிடைத்த செவி முல்லைக்காரனுக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைத்துப் பழமையைப் புகழ்வது வரலாறாகாது. எனினும் ஆள் மாறியபோதும் வேலை மாறவில்லை. இன்றும் போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள் என்பவற்றோடு, வயற்பகுதியிலிருந்து மாடுகளை அகற்றவேண்டிய இறுதி நாளும் அங்கே தீர்மானிக்கப்படுகிறது. அந்த ஒரு நாள், நம் ஊர்களின் எழுதாத உடன்படிக்கையின் எஞ்சிய கையொப்பம்.

இவ்வுடன்படிக்கை இரண்டு விதமாக முறிந்ததை நம் தலைமுறை கண்டது.

முதலாவது, ஆற்றின் மேற்பகுதியில் நிகழ்ந்தது. மகாவலித் திட்டத்தின் கீழ் மாதுறு ஓயாவை மறித்து நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. அணை கட்டப் புகுந்த இடத்திலேயே பண்டைய மதகு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டதென்றால், நம் முன்னோரின் நீரறிவை என்னென்பது! 1983 நவம்பரில் அவ்வாற்றுப் புறத்துக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்கைக் காக்கும் நல்லெண்ணத்தால் எழுந்த செயல் அது. ஆயினும் அக்காட்டிலே வேட்டையாடியும், தேனெடுத்தும், சேனை செய்தும் வாழ்ந்த வேடர்கள் அதை விட்டு வெளியேற்றப்பட்டுக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம்பானையில் முதியவர் திஸாஹாமியும் சில குடும்பத்தினருமே போக மறுத்து நின்றனர். காட்டை அறிந்தவர்களே காட்டுக்குள் நுழைந்த குற்றவாளிகளாக எண்ணப்படும் நிலை உண்டாயிற்று.

இரண்டாவது முறிவு போரால் வந்தது. வயலும் மேய்ச்சல் தரையும் அணுகவொண்ணாத இடங்களாயின. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் வாகரை மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். அதற்கு முன்னரே 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் இக்கரையை உலுக்கியிருந்தன. மனிதர் அகன்றவுடன் நிலம் செழித்ததா? உழாத வயலிற் பற்றை மண்டியது. திருத்துவாரின்றிக் குளக்கட்டுகள் கரைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. மேய்ப்பனற்ற மாடுகள் சிதறின. பல தலைமுறைகளாக மனிதன் கைபட்டு உருவான நிலம், அக்கை விலகியதும் ஆதிக் காடாக மாறிவிடவில்லை. கைவிடப்பட்ட நிலமாகவே கிடந்தது. மக்கள் இல்லாமையே இயற்கைக்குக் காப்பு என்னும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

போர் முடிந்த பின் பட்டிகள் மீண்டும் மேற்கே சென்றன. ஆனால் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் வெளியிடத்தார் நிலந்திருத்திப் பயிரிடுவதால் தம் தரை சுருங்குகிறதெனப் பண்ணையாளர் முறையிட்டனர். 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அவர்கள் தொடங்கிய அறப்போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. இதனைப் பால் விற்போரின் தனிக்குறையாகக் கருதுவோர் உளர். மாடு போக இடமில்லையெனின், அவற்றை வயலிலிருந்து அகற்றும் நாளைக் கூட்டத்திற் குறித்து என்ன பயன்? மாடு வயலோரம் நின்றால் உழவனுக்கும் மாட்டுக்காரனுக்கும் பகை மூளும். மாட்டை விற்றொழித்தால் வயல் எருவை இழக்கும். உழவன் உரமூட்டைக்குக் கடன்படுவான். அவ்வுரத்தின் எச்சம் மழையோடு களப்பை அடையும். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் தளர்கிறது.

உலகமும் இவ்வுண்மையைத் தாமதமாகவேனும் ஏற்றுவருகிறது. மனிதனும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சிகளுக்கு உலக மரபுரிமைப் பட்டியலில் இடமளிக்க 1992-இல் முடிவாயிற்று. சப்பானியர் தம் ஊரை ஒட்டிய மலைச்சாரலையும் வயலையும் ‘சதோயாமா’ என்பர். அப்பெயரால் ஒரு பன்னாட்டு முயற்சி 2010-இல் நகோயா மாநாட்டையொட்டித் தொடங்கிற்று. நம் நாட்டு உலர்வலயத்தின் தொடர்குளக் கிராம முறையையும் உலக உணவு விவசாய நிறுவனம் வேளாண் மரபுரிமையாக ஏற்றுள்ளது. பிறர் மதிக்கும் பொருளை உடையவர் மதியாதிருத்தல் முறையாகுமா?

வாழைச்சேனைப் பிள்ளைகள் புவியியற் பாடத்தில் வயலை ஒரு பக்கத்திலும், காட்டை ஒரு பக்கத்திலும், களப்பை மற்றொரு பக்கத்திலும் படிக்கின்றனர். அவற்றை இணைக்கும் பட்டியின் பாதை எந்தப் படத்திலும் வரையப்படுவதில்லை. அதனை வரைந்து, அளந்து, மேய்ச்சல் தரையின் எல்லையைச் சட்டப்படி உறுதிசெய்வதே முதற்பணியாகும். காலம் குறிக்கும் கூட்டத்தில் உழவரோடு மாட்டுக்காரரும் களப்பு மீனவரும் சமமாக அமர்தல் வேண்டும். மரத்தைக் காக்க வேலி போதுமாயிருக்கலாம். மரமும் மாடும் மனிதனும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் நிலத்தைக் காக்க, அவரவர் முறைக்கு அவரவர் வழிவிடும் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு நம்மிடம் இன்னும் முற்றாக அழியவில்லை. அதனை அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அதற்கு உரிய இடத்தைக் கொடுத்துவிடுதல் அறிவுடைமையாகும்.