அம்பயர் யார்?

வானொலி வர்ணனை கேட்டுக் கேட்டே 'அம்பயர்' நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. தமிழில் நடுவர் என்கிறோம், மத்தியஸ்தர் என்கிறோம். இரண்டுக்கும் பொருள் நடுவில் நிற்பவர். அம்பயர் என்ற சொல்லுக்குள் நடு கிடையாது. நிகரில்லாதவர் என்பதே அதன் பழைய பொருள்.

இலத்தீனில் 'பார்' என்றால் சமம். பழைய பிரெஞ்சுக்காரர் அதற்கு எதிர்மறை சேர்த்து 'நொன்பேர்' என்றனர். வழக்காடும் இருவர் ஒரு சோடி. தீர்க்க வரும் மூன்றாமவர் அந்தச் சோடியில் சேராத ஒற்றை ஆள். 14ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்தில் 'நொம்பேர்' என வழங்கியது. அப்போது வழக்குத் தீர்ப்பவருக்கே இந்தப் பெயர். விளையாட்டுக்கு வந்தது பிற்பாடுதான்.

முதலெழுத்து எங்கே போயிற்று? ஆங்கிலேயர் 'ஒரு' என்பதற்கு 'எ' என்பர். உயிரொலிக்கு முன் 'அன்' என்பர். 'எ நொம்பேர்' என்று விரைந்து சொல்லச் சொல்ல அது 'அன் ஒம்பேர்' ஆயிற்று. குசினியில் கட்டும் ஏப்ரனும் ஒருகாலத்தில் நேப்ரன்தான். அதன் உறவான நேப்கின் மட்டும் எப்படியோ தப்பிக்கொண்டது!

வெல்லாவெளிக்காரனான எனக்கு இவ்விடத்தில் எங்கள் மட்டக்களப்பின் கொம்பு முறித்தல் நினைவுக்கு வருகிறது. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த விளையாட்டு அது. கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி என்று ஊரே பிரிந்து நிற்கும். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எல்லாரும் ஏதோவொரு சேரி என்றால் ஒற்றை ஆளுக்கு எங்கே போவது? நல்லவேளை, கொம்பு முறிந்தால் அதுவே தீர்ப்பு. பந்து மட்டையில் பட்டதா, காலில் பட்டதா என்பதற்கு அப்படியொரு சாட்சி இல்லையே.

இங்கிலாந்தின் பழைய உதைபந்தாட்டத்தில் அணிக்கு ஓர் அம்பயர் இருந்தார். இருவரும் ஒத்துவராதபோது விடயம் வெளியிலிருந்த 'றெபறி'யிடம் போகும். 1891இல் றெபறி மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்மார் கோட்டோரம் போனார்கள்.

கிரிக்கெட் வெகுகாலம் விருந்தளிக்கும் நாட்டாரையே அம்பயராக வைத்திருந்தது. 1986இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது இந்தியரான வி. கே. ராமசாமியும் பீலூ ரிப்போர்ட்டரும் நின்றது புதுமையாகப் பேசப்பட்டது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில் முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு தடவை 'நோ போல்' என்றவர் அவுஸ்திரேலியரான டரல் ஹெயர். மறுமுனையில் நின்ற நியூசிலாந்துக்காரர் ஸ்டீவ் டன் ஒருமுறையேனும் அப்படிச் சொல்லவில்லை. ஹெயரின் கண் சரியோ பிழையோ, சொல்லின் கணக்கில் அன்று அவர் 'நொன்பேர்' இல்லை. டெஸ்ட் போட்டிகளில் இரு அம்பயர்களும் பிறநாட்டவராக இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு 2002இல்தான் வந்தது. 2020இல் கொரோனா அதையும் தளர்த்திவிட்டது.